ஒரு கட்டம் தள்ளி

என் மகனே,

உன்னைப் பள்ளிக்கூட வாசலில் விட்டுவிட்டு வந்து நாற்பது நிமிடம் ஆகிறது. நீ பிறந்த வாரமே எழுத நினைத்த கடிதம் இது. மூன்று வருஷம் தாமதம். நீ அழுவாய் என்று இரண்டு கைக்குட்டை எடுத்துப் போயிருந்தேன். நீ ஆயாவின் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு, மழைக்கோட்டில் தண்ணீர் சொட்ட, திரும்பிக்கூடப் பார்க்காமல் உள்ளே போய்விட்டாய். கைக்குட்டை இரண்டும் எனக்குத்தான் ஆயிற்று. செம்பூரில் இந்த ஜூன் மழைக்கு வாசல் படி வரைக்கும் தண்ணீர் நிற்கிறது. உன்னைக் கூப்பிட வர இன்னும் இரண்டு மணி நேரம் இருக்கிறது. உன் வளர்ந்த கைக்கு எழுதுகிறேன். கல்யாணமோ, வேலையோ, வேறு ஊரோ, எதற்காவது நீ புறப்படும் நாளில் இதைத் தருவேன். அப்போது உனக்குத் தமிழ் வாசிக்கத் திணறுமானால் கூச்சப்படாதே. எதிரில் உட்கார வைத்து என்னையே படிக்கச் சொல். சில இடங்களில் எனக்குக் குரல் நிற்கும். காத்திரு. காத்திருப்பதைப் பற்றித்தான் இந்தக் கடிதமே.

நான் பாளையங்கோட்டையில் விலங்கியல் படித்தவள். உன் அப்பாவுக்கு இங்கே எண்ணெய் ஆலை ஸ்டோரில் வேலை. கல்யாணமாகி வந்த புதிதில், மாட்டுங்காவில் ஒரு கல்லூரியில் ஆராய்ச்சிக்கு இடம் கிடைத்தது. எனக்கு வழிகாட்டி ஒரு மராட்டி அம்மா. எல்லோரும் மேடம் என்போம், நானும் அப்படியே எழுதுகிறேன். அவர் எனக்குக் கொடுத்த வேலையைக் கேட்டால் உனக்குச் சிரிப்பு வரும். உன் ரத்தத்தின் சிவப்புக்குக் காரணம் ஒரு புரதம். அது சங்கிலி போன்றது. நூற்று நாற்பது சொச்சம் கண்ணிகள். கண்ணிகளில் மொத்தம் இருபது வகைதான். எந்த வகைக்குப் பின் எந்த வகை வரவேண்டும் என்பதை நம் உடம்பில் இருக்கும் ஜீன்கள் முடிவு செய்கின்றன. அந்த ஜீனை நேராக வாசிக்க இன்று யாருக்கும் வழி தெரியாது. நீ இதைப் படிக்கும் காலத்தில் ஒருவேளை தெரிந்திருக்கும். இப்போதைக்கு அது எழுதி அனுப்பும் புரதத்தை வாசிக்கிறோம். வெளிநாட்டு ஆய்வுக்கூடங்களில் கண்ணி கண்ணியாகக் கழற்றி வரிசையைக் கண்டுபிடித்து அச்சிடுகிறார்கள். மனிதனின் வரிசையையும் குதிரையின் வரிசையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எத்தனை இடத்தில் மாறியிருக்கிறது என்று எண்ணுவது என் வேலை. மாற்றம் குறைவென்றால் சமீபத்தில் பிரிந்த உறவு. அதிகமென்றால் வெகு காலத்துக்கு முன்பு பிரிந்தது. மண்ணைத் தோண்டி எலும்பு தேடாமலே, மேஜையில் உட்கார்ந்தபடி உயிர்களின் குடும்ப மரத்தை வரையலாம். மூச்சுக்கு உதவும் இன்னொரு புரதம் இருக்கிறது, நூற்று நான்கு கண்ணி. அதில் நமக்கும் குதிரைக்கும் பன்னிரண்டு இடத்தில் வித்தியாசம். நமக்கும் ஒரு வகைக் குரங்குக்கும் ஒரே ஒரு இடம். அதை முதல்முறை எண்ணியபோது திரும்பத் திரும்ப நான்கு தடவை எண்ணினேன்.

எண்ணுவதற்கு நானே ஒரு வழி வைத்திருந்தேன். காகிதம் கிழிகிறது, மழைக்காலத்தில் நமுத்துப்போகிறது என்று, பாவாடைக்குக் கோர்க்கும் வெள்ளை நாடாவை மாட்டுங்கா மார்க்கெட்டில் கட்டுக்கட்டாக வாங்கி, டோபி துணிக்குக் குறி போடும் அழியாத மையால் அதில் கட்டம் கட்டமாக எழுதுவேன். மனிதனுக்கு ஒரு நாடா, குதிரைக்கு ஒரு நாடா. தரையில் நீட்டி, இரண்டின் தலைப்பையும் சேர்த்து ஊக்குக் குத்தி, தவழ்ந்துகொண்டே எண்ணுவேன். நீ என் வயிற்றில் இருந்தபோது அதே தரையில் குனிய முடியாமல் முழங்காலிட்டு எண்ணியிருக்கிறேன்.

இதெல்லாம் பொறுக்காதவள் உன் அத்தை, அப்பாவின் அக்காள். தாராவியில் இருந்தாள், இருக்கிறாள், இன்னும் நூறு வருஷம் இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை கோவில் முடிந்ததும் அவள் வீட்டில் சாப்பாடு. கறிக்குழம்பு ஊற்றும்போதே ஆரம்பித்துவிடுவாள். ஆண்டவர் மண்ணைப் பிசைந்து மனுஷனை உண்டாக்கியிருக்க, படித்த பொம்பளை நாடாவை வைத்துக்கொண்டு குரங்குக்கும் தம்பி குடும்பத்துக்கும் சம்பந்தம் பேசுகிறாளே என்பாள். உன் அப்பா தலையைக் குனிந்து எலும்பு கடிப்பார். அவளுக்கு எஸ்தர் பிறந்து பதினோராம் நாள் நீ பிறந்தாய். அதற்குப் பிறகு அவளுக்கு என் நாடா மறந்து போயிற்று. பிள்ளைகளை ஒப்பிடுகிற வேலை வந்துவிட்டது. எஸ்தர் குப்புற விழுந்தாள், உன் மகன்? எஸ்தருக்குப் பல் வந்துவிட்டது, உன் மகனுக்கு? சிரித்துக்கொண்டேதான் கேட்பாள். நானும் சிரித்துக்கொண்டேதான் பதில் சொல்வேன். ஆனால் வீட்டுக்கு வந்ததும் இரண்டு நாடா எடுத்து, ஒன்றில் உன் பெயர், ஒன்றில் எஸ்தர் பெயர் எழுதி, மாதம் ஒரு கட்டமாக எழுதி வைக்க ஆரம்பித்தேன். படித்தவளின் பொறாமைக்கு நாடாவும் மையும் வேண்டியிருக்கிறது. பதின்மூன்றாம் மாதம் வரை இரண்டும் ஏறக்குறைய ஒன்று போலவே போயின. உனக்கு அப்போது மூன்று சொல்: பால், தா, காக்கா.

பதின்மூன்றாம் மாதக் கடைசியில் உனக்குத் தொண்டை அடைப்பான் வந்தது. கழுத்து வீங்கி, மூச்சு விசில் போல இழுத்தது. தனி வார்டு, பெற்றவர்களுக்கு உள்ளே அனுமதி இல்லை. தொண்டையில் சிறு துளை போட்டுக் குழாய் வைத்துத்தான் உன்னைக் காப்பாற்றினார்கள். பத்து வாரம் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் நீ. முதல் வாரங்களில் என்னைப் பார்த்ததும் வாயைத் திறந்து அழுவாய், சத்தம் வராது. பிறகு அழுவதை நிறுத்தினாய். பிறகு என்னைப் பார்ப்பதையும் நிறுத்தினாய். வீட்டுக்கு வந்தபோது உனக்கு நிற்கத் தெரியவில்லை. கழுத்துத் துளை மூடிவிட்டது, குரல் இருக்கிறது, காது கேட்கிறது என்று டாக்டர் சொன்னார். ஆனால் பால் இல்லை, தா இல்லை, காக்கா இல்லை. அந்த மூன்று சொல்லும் எங்கே போயின என்று அவருக்கும் தெரியவில்லை.

அதற்குப் பிறகு அந்த இரண்டு நாடாவும் எனக்கு எமனாயின. பதினான்காம் கட்டத்தில் எஸ்தர் கையைப் பிடித்து நடக்கிறாள். உன் கட்டம் காலி. பதினைந்தில் அவள் அப்பா செருப்பைத் தூக்கி வருகிறாள், நீ படுத்திருக்கிறாய். பதினெட்டில் அவள் ஆளைக் கையைப் பிடித்து இழுத்துப்போய் வேண்டியதைக் காட்டுகிறாள். நீ சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறாய். பத்தொன்பதில் அவள் "மாட்டேன்" என்கிறாள். அன்றிலிருந்து நிற்காமல் பேசுகிறாள். உனக்கு இருபது, இருபத்தொன்று, இருபத்திரண்டு, எந்தக் கட்டமும் எதிர்க்கட்டத்தோடு சேரவில்லை. அத்தை சொன்ன ஒரு வார்த்தையை உனக்கு மறைக்கப் போவதில்லை. அவள் கெட்டவள் இல்லை. பயந்திருந்தாள், பயந்தால் அவளுக்கு வாய் இப்படித்தான் போகும். எல்லோர் முன்னாலும் சொன்னாள்: "ஏளா, கொரங்கு வம்சத்த எண்ணிக்கிட்டே கெடந்தேல்லா. ஆண்டவரு ஒம் புள்ளையவே வாயில்லாம ஆக்கிட்டாரு. எம் மவளுக்கு மாப்பிள்ளன்னு நெனச்சேன், இனி யாருக்குக் கெட்டிக் குடுக்க?" நான் நம்பவில்லை. ஆனால் வீட்டுக்கு வந்து ஒரு மணி நேரம் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன்.

இனி என் தப்பு. புனா பக்கம், புத்தி வளராத பிள்ளைகளுக்கு ஒரு விடுதி இருப்பதாகக் கேள்விப்பட்டுப் படிவம் வரவழைத்தேன். சின்ன வயதில் சேர்த்தால் நல்லது என்று அதில் போட்டிருந்தது. நான் கையெழுத்துப் போட்டேன். உன் அப்பாவும் போடவேண்டும். அவர் ஒன்றும் மறுத்துப் பேசவில்லை. வேலையிலிருந்து வந்ததும் படிவத்தை நீட்டுவேன். சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்து, "பேனால மை இல்ல. நாளைக்குப் பாப்போம்" என்பார். அந்தப் பேனா பையில் நீலக் கறையோடு நிற்பது எனக்குத் தெரியும். மூன்று வாரம் அந்தப் பேனாவில் மை இல்லை. இதைவிடப் பெரிய தப்பு ஒன்று உண்டு. நான் உன்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டேன். பதில் வராத இடத்தில் பேசப் பேச எனக்கு நானே பைத்தியம் போலத் தெரிந்தது. சாப்பாட்டை ஊட்டினேன், துணி மாற்றினேன், தூங்க வைத்தேன், வாய் திறக்கவில்லை. வீட்டில் இரண்டு பேர் ஊமையானோம். அதில் ஒருத்தி வேண்டுமென்றே.

அந்தச் சமயத்தில்தான் மேடம் ஆள் அனுப்பினார். வாரம் இரண்டு காலை வந்தால் போதும், விட்ட வேலையை எடு என்றார். உன்னைத் தாராவியில் அத்தையிடம் விட்டுவிட்டு மாட்டுங்கா போனேன். திட்டுகிறவள்தான், ஆனால் வேறு யாரிடமும் உன்னை விட எனக்கு மனம் வரவில்லை; அவளும் ஒரு நாள்கூட முடியாது என்று சொல்லவில்லை. இம்முறை வேறு கேள்வி. நம் ரத்தப் புரதத்தில் இரண்டு வகைச் சங்கிலி உண்டு. ஆல்ஃபா, பீட்டா என்று பெயர். இரண்டும் ஒரே மனிதனுக்குள் இருப்பவை. ஆதியில் ஒரே சங்கிலியாக இருந்து பிறகு இரண்டாகப் பிரிந்தவையா என்று பார்க்கச் சொன்னார். வழக்கம் போல இரண்டு நாடா, தலைப்பில் ஊக்கு. முதல் கட்டம் பொருந்தியது, இரண்டிலும் வாலின் என்கிற வகைக் கண்ணி. அதற்கப்புறம் ஒன்றும் சேரவில்லை. இருபது வகையில் தற்செயலாக எத்தனை சேருமோ அவ்வளவுதான் சேர்ந்தது. நூற்று நாற்பது கட்டத்தையும் இரண்டு தடவை எண்ணி, உறவில்லை என்று எழுதி மேஜையில் வைத்தேன்.

மேடம் வந்து, தரையில் என் பக்கத்தில் சேலையைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்தார். தலைப்பை மட்டும் கொஞ்ச நேரம் பார்த்தார். பீட்டாவில் வாலின், ஹிஸ்டிடின், லியூசின், திரியோனின், புரோலின். ஆல்ஃபாவில் வாலின், லியூசின், செரின், புரோலின். கத்திரிக்கோலைக் கேட்டு வாங்கினார். என் ஆல்ஃபா நாடாவை முதல் கட்டத்துக்குப் பிறகு வெட்டினார். வெட்டிய நீளத்தை ஒரே ஒரு கட்டம் வலப்பக்கம் தள்ளினார். ஹிஸ்டிடினுக்கு எதிரில் வெறும் தரை. லியூசினுக்கு எதிரில் லியூசின். புரோலினுக்கு எதிரில் புரோலின். கொஞ்சம் தள்ளி இன்னொன்று, அப்புறம் அடுத்தடுத்து. கீழே இன்னும் சில இடத்தில் அதே போல இடம் விடவேண்டியிருந்தது. விட்டதும் அறுபதுக்கு மேற்பட்ட கட்டங்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. ஒரு தாய் வயிற்றுச் சங்கிலிகள்தான். எங்கோ, எந்தக் காலத்திலோ ஒரு கண்ணி விட்டுப்போயிருக்கிறது. அந்த ஓர் இடம் விட்டுப்போனதால், அதற்குப் பின்னால் இருந்த சரியானவை எல்லாம் எனக்குத் தவறாகத் தெரிந்திருக்கின்றன. மேடம் ஆங்கிலத்தில் சொன்னது இதுதான்: "நீ எண்ணியது சரி. வைத்த இடம்தான் தப்பு."

நான் அன்றைக்கு அதற்கு மேல் வேலை செய்யவில்லை. தாராவிக்கு ஓடி உன்னைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் வீடு வந்தேன். பகல் சாப்பாடு முடிந்து நீ தூங்கியதும் பெட்டியிலிருந்து உங்கள் இரண்டு பேர் நாடாவையும் எடுத்தேன். கத்திரிக்கோல் முதலில் நாடாவில் பதியவில்லை. பதின்மூன்றாம் மாதத்துக்குப் பிறகு எஸ்தருடைய நாடாவை வெட்டி ஐந்து கட்டம் தள்ளினேன். பத்து வாரம் ஆஸ்பத்திரி, மற்றது நீ மறுபடி எழுந்து நிற்க ஆன காலம். இப்போது பார்த்தேன். அவள் பதினான்கில் கை பிடித்து நடந்ததற்கு நேர் எதிரில், நீ பத்தொன்பதில் கை பிடித்து நடந்திருக்கிறாய். அவள் செருப்பு தூக்கியதற்கு எதிரில் நீ இருபதில் அப்பா செருப்பைத் தூக்கியிருக்கிறாய். நான்தான் எழுதியிருக்கிறேன், என் கையெழுத்துதான். எழுதும்போது, எஸ்தர் இதை எப்போதோ செய்துவிட்டாள் என்று மட்டும்தான் தோன்றியிருக்கிறது. சென்ற மாதம் முந்தானையைப் பிடித்து இழுத்துப்போய்த் தண்ணீர்ப் பானையைக் காட்டினாய். அவளுடைய பதினெட்டு, உன்னுடைய இருபத்து மூன்று. இன்னொன்றும் கண்ணில் பட்டது. நடை பழகிய அந்த மாதங்களில் எஸ்தரும் புதுச் சொல் ஒன்றும் பேசியிருக்கவில்லை.

சந்தோஷப்பட எனக்குப் பயமாக இருந்தது. ஆசைக்கு வெட்டினேனோ என்று தோன்றியது. மறு தடவை மாட்டுங்கா போகும்போது இரண்டு நாடாவையும் எடுத்துப் போய், ஒன்றும் சொல்லாமல் மேடம் முன் விரித்தேன். தமிழில் எழுதியிருந்ததால் அவருக்குப் புரியவில்லை. ஒவ்வொரு கட்டமாகப் படித்துச் சொன்னேன்.

"இது எந்த விலங்கு?" என்றார்.

"என் மகன்" என்றேன்.

அவர் முகம் மாறவில்லை. வேண்டிய இடத்தில் எல்லாம் வெட்டித் தள்ளிக்கொண்டே போனால் டெலிபோன் டைரக்டரியும் ரயில் அட்டவணையும்கூடப் பொருந்திவிடும், அதனால் வெட்டுக்குக் கணக்கு வேண்டும் என்றார். எத்தனை வெட்டு என்று கேட்டார். ஒன்று. காரணம்? தொண்டை அடைப்பான். அவர் அந்த ஐந்து கட்ட வெறுமையை எண்ணிப் பார்த்தார். பிறகு எஸ்தருடைய நாடாவில் விரலை வைத்து, "உன் மகனுக்கு அடுத்த கட்டத்தில் என்ன இருக்கிறது?" என்றார்.

"மாட்டேன்" என்று படித்தேன்.

அது வருகிறதா என்று பார், வராவிட்டால் நாம் இருவரும் தப்பு, வேறு டாக்டரைப் பார்ப்போம் என்றார். ஆறுதலாக ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அதனாலேயே எனக்கு அது ஆறுதலாக இருந்தது.

அன்றிலிருந்து உன்னிடம் பேச ஆரம்பித்தேன். வெங்காயம் உரித்தால் வெங்காயத்தைப் பற்றி, குக்கர் கத்தினால் குக்கரைப் பற்றி. பக்கத்து வீட்டு சிந்தி அம்மா எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று உன் அப்பாவிடம் விசாரித்தாளாம். நீ சொல்லப் போகிற "மாட்டேன்" என்ற சொல்லுக்காகக் காதைத் தீட்டி வைத்திருந்தேன். எதைக் கொடுத்தாலும் "வேணுமா, மாட்டியா" என்று கேட்டுக் கேட்டு உன்னை நச்சரித்தேன். ஒரு வாரம், இரண்டு வாரம். நீ என் முகத்தையே பார்ப்பாய்.

மூன்றாம் வாரம் காலையில் மீன்காரி வந்தாள், தினமும் வருகிற கோளி மீனவப் பெண். கூடையை இறக்கி, வழக்கம் போல உன் மூக்குக்கு நேரே ஒரு பொம்பில் மீனை ஆட்டினாள். நான் உள்ளே பாத்திரம் எடுக்கப் போயிருந்தேன். வாசலில் ஒரு குரல், ஓட்டைப் புல்லாங்குழல் மாதிரிக் கரகரப்பாக, தெளிவாகச் சொன்னது: "நக்கோ."

மராட்டியில் வேண்டாம் என்று அர்த்தம். உன் அப்பா தினமும் அவளிடம் சொல்கிற ஒரே மராட்டி வார்த்தை. நான் பாத்திரத்தோடு நிலைப்படியில் நின்றுவிட்டேன். அவள் மீனை மறுபடி நீட்டினாள். நீ கையால் தள்ளி, "நக்கோ நக்கோ" என்றாய். "அக பாயி, போர்கா போல்லா" என்று, பையன் பேசிவிட்டான் என்று, அவள் மோவாயில் கை வைத்துக்கொண்டாள். நான் தரையில் உட்கார்ந்து அழுததைப் பார்த்து, மீன் பிடிக்கவில்லை என்றால் வேண்டாம், அதற்காக அழுவார்களா என்றாள். அன்றைக்கு அவள் கூடையில் இருந்ததில் பாதியை வாங்கினேன்.

நான் தமிழில் ஒரு சொல்லுக்குக் காத்திருந்தேன். நீ அதே கட்டத்தில், அதே வேலைக்கு, வேறு சொல்லை வைத்திருந்தாய். மேடமிடம் சொன்னபோது அவர் முதல்முறையாகச் சிரித்தார். இரண்டு சங்கிலிகளின் அந்தத் தலைப்பிலேயே பார், ஒன்றில் திரியோனின் இருக்கும் இடத்தில் இன்னொன்றில் செரின், இடம் ஒன்றுதானே என்றார். தன் பாஷையில் நீ ஆரம்பித்ததில் அவருக்குக் கொஞ்சம் பெருமை வேறு.

அந்த ஞாயிறு தாராவியில் அத்தை உனக்குச் சோறு போட வந்தாள். "நக்கோ" என்றாய். கரண்டி அந்தரத்தில் நின்றது. பிறகு கரண்டியை வைத்துவிட்டுச் சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது. முகத்தை எடுத்ததும் பழைய அத்தை: "மராட்டி பேசுத மாப்பிள்ளையா? எம் மவ எப்பிடிச் சமாளிக்கப் போறாளோ." வாசல் வரை வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, அன்றைக்குச் சொன்னதை மனதில் வைக்காதே என்று மெல்லச் சொன்னாள். அந்த வாரமே உன் அப்பாவின் பேனாவில் மை வந்துவிட்டது. என் பேனா தீர்ந்தபோது, கேட்காமலே எடுத்து நீட்டினார். இந்தக் கடிதத்தை எழுதுவது அந்தப் பேனாவில்தான்.

உனக்கு அறிவுரை சொல்ல எனக்கு என்ன தகுதி என்று யோசிக்கிறேன். நான் ஒரு வருஷம் உன்னைத் தலைப்பில் ஊக்குக் குத்தியே எண்ணிக்கொண்டிருந்தவள். ஆனாலும் தாய்க்கு வாய் சும்மா இருக்குமா? நாளைக்கு உன்னோடு படித்தவன் முன்னால் போவான், உனக்கு வேலை பிந்தும், கல்யாணம் பிந்தும், ஏதோ ஒன்று விட்டுப்போகும். உன்னையும் அவனையும் அருகருகே வைத்து, ஒன்றுமே சேரவில்லை என்று எழுதிவிடாதே. எங்கே இடம் விட்டது என்று முதலில் தேடு. ஆனால் மேடம் சொன்னதையும் மறக்காதே: வெட்டுக்குக் காரணம் இருக்கவேண்டும். சோம்பலுக்கும் பொய்க்கும் இடம் விட்டு உன்னையே ஏமாற்றிக்கொள்ளக் கூடாது. நீ பிறர் பிள்ளையை எடை போடும்போதும், உன் பெண்டாட்டியை எடை போடும்போதும் இதே சட்டம்தான். அப்புறம், பதில் வராத இடத்திலும் பேசு. இது எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. உன்னிடம் தோற்றுக் கற்றது.

அந்த விடுதிப் படிவத்தை நான் கிழிக்கவில்லை. என் கையெழுத்தோடு, அப்பாவின் இடம் காலியாக, இந்தக் கடிதத்தின் பின்னால் வைத்திருக்கிறேன். என்றைக்காவது வேறு யார் வாயிலாவது நீ கேள்விப்படுவதைவிட என் கையாலேயே உனக்கு வரட்டும். படித்துவிட்டு என்மேல் கோபப்பட்டால் படு. பேசாமல் மட்டும் இருந்துவிடாதே. அது ஒன்றை என்னால் இரண்டாம் முறை தாங்க முடியாது.

உன் சட்டைக் காலருக்குள் உன் பெயரை நாடாவில் எழுதித் தைத்து அனுப்பச் சொன்னார்கள் பள்ளியில். அதே நாடா, அதே டோபி மை. நேற்று தைக்கும்போது நீ பக்கத்தில் நின்று, இது என்ன, இது யார் பேர், ஏன் என் பேர், எஸ்தருக்கும் இதே மாதிரியா என்று கேட்டுக் கேட்டு, ஊசி மூன்று முறை விரலில் ஏறிவிட்டது. கொஞ்சம் வாயை மூடு என்று நானே சொன்னேன். சொல்லிவிட்டு நானே நின்றுபோனேன். எப்பேர்ப்பட்ட கொடுத்துவைத்த வாக்கியம் அது.

மணி ஆகிவிட்டது. குடையைத் தேடவேண்டும். இந்த இரண்டு மணி நேரமாக வீட்டில் ஒரு சத்தம் இல்லை, மழையைத் தவிர. ஒரு காலத்தில் இந்த அமைதிக்கு நான் எவ்வளவு பயந்தேன். இன்றைக்கு அதில் பயப்பட ஒன்றுமில்லை. நீ வீட்டில் இல்லை, அவ்வளவுதான். வந்ததும் பேசுவாய்.

உன் அம்மா